ஜெராக்ஸ் கடையில் தங்கிவிடும் ஆதார்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் இருக்கிற வளவனூரானாலும் சரி, திண்டிவனமானாலும் சரி, ஜெராக்ஸ் கடை என்றால் அங்கே ஒரு வாட்ஸ்அப் எண் ஒட்டியிருக்கும். ஆதாரை அதற்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

"பாஸ்வேர்டு கேக்குதுக்கா. பேரு, பொறந்த வருஷம் சொல்லுங்க."

அக்கா சொல்வார், பின்னால் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி. இ-ஆதாருக்குப் போட்டிருக்கும் பூட்டு அவ்வளவுதான்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, அதை ஒட்டிப் பிறந்த வருஷம். தாளை வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார். கோப்பு கடைக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும், யாருடைய பட்டாவுக்கும் யாருடைய மார்க் ஷீட்டுக்கும் நடுவில். கூட்ட நேரத்தில் கடைக்காரர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பாரா?

இதை ஆதார் ஆணையம் அறியாமல் இல்லை. 2022 மே 27 அன்று அதன் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள், பிரவுசிங் சென்டரில் இறக்கினால் நகலை அழித்துவிட்டு வாருங்கள் என்றது. உருப்படியான யோசனை. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்!

நகலே கொடுக்காமல் பத்திரமாக இருந்தவருக்கும் நிம்மதி இல்லை. 2021-ல் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் ஏறக்குறைய 50 லட்சம் பேரின் விவரம் ஹேக்கர்களின் தளம் ஒன்றில் கிடந்ததை ஒரு பெங்களூரு நிறுவனம் கண்டு சொன்னது. பெயர், முகவரி, ஆதார் எண், வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்பது வரை அதில் இருந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்து அப்போது நான்கு வருஷம் ஆகப்போகிறது. ஆனால் தனிநபர் தரவுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அது 2023-ல்தான் வந்தது; விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று.

ஆனால் ஊரில் பேச்சு அடிபடுவது விளம்பரத்தைப் பற்றித்தான். போர் மோட்டார் விலையை ஒரு தடவை தேடிவிட்டால் போதும், சமையல் வீடியோவுக்கு நடுவிலும் மோட்டார் விளம்பரம் வந்து நிற்கும். எரிச்சல்தான், ஆனால் இதற்கு ஓரளவு மருந்து உண்டு. ஆண்ட்ராய்டு போனுக்கென்று இருக்கும் விளம்பர அடையாள எண்ணை செட்டிங்ஸில் போய் அழித்துவிடலாம். ஆதாருக்குக் கொடுத்த கைரேகையை எங்கே போய் அழிப்பது?

தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் 2018-ல் ஒரு சிம் கார்டு வியாபாரி பிடிபட்டார். நிலப் பத்திரங்கள் பதிவுத்துறை இணையதளத்தில் கைரேகையோடும் ஆதார் எண்ணோடும் கிடந்தன. அவற்றை இறக்கி, ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற முறையில் ரேகையை அச்செடுத்து, ஊரார் பெயரில் ஆயிரக்கணக்கான சிம்களை உயிர்ப்பித்திருக்கிறார். விற்பனை இலக்கை எட்டுவதற்காகச் செய்தாராம். பத்திரம் பதிந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஒருவர் பெயரில் பொதுவாக ஒன்பது சிம் வரை இருக்கலாம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால் அத்தனையும் பட்டியலாக வரும். மகனுக்கு வாங்கிக் கொடுத்தது, தொலைந்துபோன பழைய எண் என்று கழித்துக்கொண்டே வந்து, அடையாளம் தெரியாத ஒன்று மிஞ்சினால், 'இது என் எண் அல்ல' என்று அங்கேயே புகார் செய்யலாம்.