காலத்தைச் சுமக்கும் சொல்

பிள்ளையின் படிப்பைக் குறித்து ஆசிரியரிடம் ஆங்கிலத்தில் கேட்க வேண்டிய இடத்தில், தாய்மார்களாகிய நம்மில் பலர் மௌனமாகிவிடுகிறோம். பிழை நேர்ந்துவிடுமோ என்னும் கூச்சமே காரணம்.

அப்பிழை பெரும்பாலும் 'டிட் ஹி வென்ட்?' என்பது போன்றதே. தமிழில் 'போனானா?' என்கிறோம், இறந்தகாலம் வினையிலேயே நிற்க, ஈற்றில் ஆகாரம் மட்டும் சேர்கிறது. ஆங்கிலத்திலோ 'டிட்' என்னும் துணைவினையே காலத்தைச் சுமக்கிறது. ஆகவே முதன்மை வினை தன் மூல வடிவுக்குத் திரும்பி, 'டிட் ஹி கோ?' என்றாகிறது.

மத்ரஸாவில் அரபு இலக்கணம் பயின்றோருக்கு இது புதிதன்று. 'லம் யத்ஹப்' என்றால் 'அவன் போகவில்லை'. 'யத்ஹப்' இறந்தகால வடிவமன்று. அப்பொருளைத் தருவது 'லம்' என்னும் முன்சொல்லே.

இரண்டு இடங்களில் 'டிட்' வேண்டியதில்லை. 'வாஸ்', 'வேர்' வருமிடத்தில் அவையே முன்னே வரும்: 'வாஸ் ஹி ஆப்சென்ட்?' 'யார்' என்பதே எழுவாயானால், 'ஹூ கேம்?' என்பது போதும்.

பிள்ளையைப் பற்றிக் கேட்டறிவது நம்மீதுள்ள பொறுப்பு. கூச்சம் அதற்குத் தடையாக வேண்டாம். இன்று மாலை பிள்ளையிடமே 'டிட் யூ ஈட்?' என்று தொடங்குவோம். நாவு பழகிவிடும், இன்ஷா அல்லாஹ்.