கழிக்கப்பட்ட காற்பங்கு

பணிக்குப் புறப்பட்ட எங்கள் அண்ணன் அன்று வீடு திரும்பவில்லை. சாலைத் திருப்பத்தில் எதிரே வந்த லாரி அவர் சென்ற காரை நொறுக்கிவிட்டது. அவருக்கு வயது 38.

இழப்பீடு கோரித் தீர்ப்பாயத்தின் படியேற முதலில் கூசினோம். உயிருக்கு விலை பேசுவதா? பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அக்கூச்சத்தைப் போக்கிற்று.

வழக்கறிஞர் கணக்கை விளக்கினார். 2009-ஆம் ஆண்டு சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை அது. ஆண்டு வருமானத்தில் இறந்தவரின் சொந்தச் செலவைக் கழித்து, எஞ்சியதை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 38 வயதுக்கு அது 15. பிற்கால ஊதிய உயர்வையும் கருதி வருமானத்தைக் கூட்டிக்கொள்ள 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வழிசெய்தது. மனைவி, தாய், இரு பிள்ளைகள் என நால்வர் அண்ணனை நம்பியிருந்தமையால் கழிவு காற்பங்கு.

"தனக்கென்று காற்பங்கு செலவழித்தானா என் பிள்ளை?" என்றார் அம்மா. நாங்கள் தலைகுனிந்தோம். பலமுறை தைத்து அவர் அணிந்த செருப்பு எங்கள் நினைவில் வந்து நின்றது.

இழப்பீடு பிச்சையன்று, குடும்பத்தின் உரிமை. அதைக் கேட்பதில் இழிவில்லை என்று இன்று அறிகிறோம். ஆயினும் கழிக்கப்பட்ட அந்தக் காற்பங்கையும் அவர் எங்களுக்கே தந்திருந்தார். அதைக் குறித்துவைக்க எந்த ஏட்டிலும் இடமில்லை. எங்கள் நெஞ்சில் உண்டு.