சுண்ணாம்பு வைக்காத சுவர்

போடியில் பிறந்தவர்களுக்கு எதற்கெடுத்தாலும் மேற்கே பார்க்கிற பழக்கம் உண்டு. மெட்டில் மேகம் இறங்கியிருக்கிறதா, மழை வருமா, ஏலக்காய் விலை ஏறுமா என்று எல்லாவற்றையும் மலையிடம்தான் கேட்போம். என் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. விடியும் முன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, முப்பது வருடம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள் அவள். ஏலம் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கும், குனிந்துதான் எடுக்க வேண்டும். மலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தும் அம்மா அதிகம் பார்த்தது மண்ணைத்தான்.

அவளை ஒரு சித்திரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பக்தர்களுக்கு வழி திறக்கும். கூடலூருக்குப் பக்கத்தில் பளியங்குடியிலிருந்து காட்டுக்குள் நடந்து ஏறலாம். அம்மாவின் முழங்காலை நினைத்து, தேவாரம், கம்பம் வழியாகக் குமுளிக்குப் போய் அங்கிருந்து ஜீப் பிடித்தோம். தண்ணீர் பாட்டில் முதல் பாலித்தீன் பைவரை சோதித்துப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜீப் குலுங்கிய குலுங்கலில் நான் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

கடல் மட்டத்திலிருந்து 1,337 மீட்டர் உயரம். மரமில்லாத புல்மேட்டில் ஏறி நின்றால் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு விரித்துப்போட்ட பாய் மாதிரி கிடக்கிறது. கோயில் என்று மனதில் வைத்திருந்த எதுவும் அங்கே இல்லை. கோபுரமில்லை, விமானத்தின் தலை இல்லை. கருங்கல் சுவர்கள், சரிந்த மதில், புல்லுக்குள் புதைந்த உத்தரக் கற்கள். கூட்டம் முழுக்க அம்மனின் முகத்தைப் பார்க்க முண்டியடித்தது. அம்மா வரிசையில் நின்றபடியே, வழக்கம்போல், கீழே பார்த்தாள். பிறகு சுவரின் அடிக்கல்லைத் தடவி, "சுண்ணாம்பே வைக்கலையேடா" என்றாள்.

நான் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை. பாண்டியர் பாணிக் கற்றளி அது. மலையிலேயே கிடைக்கும் கருங்கல்லை வெட்டிச் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, எடையை மட்டும் நம்பி நிறுத்தியிருக்கிறார்கள். கீழே அதிட்டானத்தின் வரிகள், சுவரில் அரைத்தூண்கள், மேலே பாரம் தாங்கும் உத்தரம். ஒவ்வொரு கல்லும் தன் கீழுள்ள கல்லை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மேற்கூரை இருக்கும்வரை இந்த ஏற்பாட்டுக்கு அழிவில்லை. கூரை போனால் அழுத்தும் பாரம் போகிறது, இடுக்கில் மழை இறங்குகிறது, பறவை போட்ட விதை முளைக்கிறது. இரண்டு பருவமழையும் அடிக்கும் முகட்டில் வேருக்குக் கேட்கவா வேண்டும்?

இதைச் சேரன் செங்குட்டுவன் எழுப்பிய கோயில் என்றுதான் அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் அவன் இமயத்தில் கல்லெடுத்து, கனக விசயர் தலையில் ஏற்றிக் கொண்டுவருகிறான். இலங்கை வேந்தன் கயவாகுவும் விழாவுக்கு வந்திருக்கிறான். மதுரையை எரித்துவிட்டு வையைக் கரையோடு நடந்த கண்ணகி, பதினான்காம் நாள் வேங்கை மரத்தடியில் விண்ணேறினாள் என்பது கதை. வையையைப் பிடித்து மேற்கே நடந்தால் இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் வந்து சேர வேண்டும். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அப்படித்தான் பூம்புகாரிலிருந்து கண்ணகியின் வழியைத் தேடிக்கொண்டே வந்து, 1963இல் இதுவே கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். புத்தகத்தை மட்டும் நம்பாமல் காலை நம்பிய அந்த ஆராய்ச்சிமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இன்று நிற்கிற சுவர் செங்குட்டுவன் காலத்துச் சுவர் இல்லை. அவனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. பழைய நம்பிக்கைக்குப் பின்னால் வந்தவர்கள் போட்ட கல்சட்டை என்று வைத்துக்கொள்ளலாம். (மதுரைக்குச் சுரங்கம் போகிறது என்று ஒரு பள்ளத்தையும் காட்டினார்கள். எங்கள் பக்கம் இடிந்த கோயில் என்றால் மதுரைக்குச் சுரங்கம் இருந்தே தீரும்.)

கோயில் நிற்பதோ இரு மாநில எல்லையில். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்துக்குப் போயின. கோயில் எங்கள் எல்லைக்குள் என்று தமிழ்நாடு சொல்கிறது. ஜீப் பாதை போவதோ கேரளப் பக்கத்துப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். திருவிழா அன்று தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட அதிகாரிகளும் நிற்கிறார்கள், இரு மொழியிலும் ஒலிபெருக்கி முழங்குகிறது. மீதி 364 நாளும் யானைக்கும் மழைக்கும். எல்லைக்கோடு எந்தப் பக்கம் ஓடினாலும் எனக்குச் சம்மதம்தான். யாராவது ஒருவர் கூரையைப் போட்டால் போதும்.

தரிசனம் முடிந்து மஞ்சளும் வளையலும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். சுவரடியில் இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு சாண் உயரத்தில் அரசங்கன்று. களையெடுத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? அம்மா குனிந்து பிடுங்கப் போனாள்.

"யம்மா, தொடாதீங்க. காட்டுல எதையும் பிடுங்கக் கூடாது" என்றார் காவலுக்கு நின்ற ஒருவர்.

"கோயில் செவுத்துல முளைச்சது எப்படி சார் காடாகும்?"

அவர் சிரித்துவிட்டு, நேரமாகிறது, இறங்குங்கள் என்றார். இருட்டுவதற்குள் எல்லோரும் மலையை விட்டு இறங்கியாக வேண்டும்.

மூன்று வருடம் கழித்து நான் மட்டும் போனேன். கன்று என் இடுப்புக்கு வந்திருந்தது. அடிக்கல் நான்கு விரற்கடை வெளியே தள்ளியிருந்தது.