கால்மாட்டில் ஓர் இடம்

திருமழிசை சிட்கோவிலிருந்தோ பெங்களூர் ஹைவேயிலிருந்தோ 108 ஆம்புலன்ஸ் வந்து நின்றால், பின்னாலேயே ஒரு குடும்பமே வந்து இறங்கும். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும் எமர்ஜென்சி வார்டின் கதவைச் சாத்திவிடுவோம். நின்றுபோன இதயத்தை மீட்க நெஞ்சை அழுத்தும் சிபிஆர் நடக்கும்போது அவர்களில் ஒருவரையாவது உள்ளே நிறுத்த வேண்டும் என்று, ஒரு நர்ஸாக, உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபூட் ஹாஸ்பிடல் 1982-லேயே இதைத் தொடங்கியது. பிரான்சில் இது குறித்து 570 உறவினர்களிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. உடனிருக்க அழைக்கப்பட்டவர்களைவிட அழைக்கப்படாதவர்களிடமே மூன்று மாதம் கழித்தும் மன அதிர்ச்சி அதிகம் தெரிந்தது. சிகிச்சையும் கெடவில்லை.

அந்த ஆய்வில் பார்த்தது வீடுகளில் நடந்த சிபிஆர், இங்கே ஆஸ்பத்திரியில் அடிக்க வந்தால் என்ன செய்வது என்பார்கள். நியாயமான பயம்தான். மருத்துவப் பணியாளர்களைக் காக்க 2008-ல் தனிச் சட்டமே போட்ட மாநிலம் இது. ஆனால் 2002-ல் வந்த ‘ரமணா’ படத்தில், இறந்தவருக்கு வைத்தியம் பார்ப்பதாகப் பணம் பறிக்கும் ஆஸ்பத்திரிக் காட்சியை மறந்தவர் யார்? சாத்திய கதவுக்கு வெளியே நிற்பவர் மனதில் அதுதான் ஓடும்.

யார் உள்ளே வருவது? பெரியப்பாவோ மச்சானோ முன்னால் வருவார். நோயாளியின் மனைவியை நாற்காலியில் உட்கார்த்திவிடுவார்கள். அவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. “அக்கா, நெஞ்சை பலமா அழுத்துவாங்க, எலும்பு உடையுற சத்தம்கூட கேக்கலாம். தலை சுத்தினா என் கையைப் புடிச்சுக்குங்க” என்று சொல்லித்தான் அழைத்துப்போக வேண்டும்.

தலைமாட்டில் மூச்சுக் கொடுக்கும் அம்பு பை பிடிப்பவர், பக்கவாட்டில் அழுத்துபவர், மருந்து ஏற்றுபவர். கால்மாடு மட்டும் காலியாக இருக்கும். பாதத்தைத் தொட்டுக்கொள்ளச் சொல்வேன்; ஷாக் கொடுக்கும் முன் நானே கையை விலக்கிவிடுவேன். ஒரு அம்மா கணவர் பாதத்தைப் பிடித்தபடி, “பெரியவ வந்துட்டே இருக்கா, பூந்தமல்லி தாண்டிட்டா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அழுத்துபவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறும்போது, “கை சோந்தா அழுத்தம் குறையும், அதான் மாறுறாங்க” என்று விளக்கினேன். தலையாட்டினார்.

இதற்கென்றே, வேறு வேலை இல்லாமல், ஒரு நர்ஸ் கூட நிற்க வேண்டும். நைட் டூட்டியில் அந்த ஆள் கிடைப்பதுதான் உண்மையான சிக்கல். டூட்டி லிஸ்டிலேயே அவர் பெயர் இருக்க வேண்டும். ஆள் இல்லாத இரவில் யாரையும் உள்ளே அழைத்துத் தனியாக நிற்கவிடக் கூடாது. அப்போதும், அழுத்தி முடித்து மாறுகிறவர் கதவைத் திறந்து, உள்ளே நடப்பதை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டுத் திரும்பலாம்.