பால் பைத்தானுக்கு எத்தனை எலி?



இரண்டு மாதம் முன்பு சாத்தாங்காட்டிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். இரும்பு மார்க்கெட்டில் வேலை. "டீச்சர், பையன் பால் பைத்தான் குட்டி வளர்க்கிறான். தின்னதை எல்லாம் கக்கிடுது. ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றான். விலங்கியல் டீச்சருக்கு ஓய்வு ஏது? போனேன்.

முதலில் காகிதத்தைக் கேட்டேன். நம் ஊர்ப் பாம்பு எதையும், விஷமில்லாத சாரையைக்கூட, 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வளர்க்க முடியாது. பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவுடையது. ஆனாலும் சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால், 2022 திருத்தத்துக்குப் பிறகு அரசிடம் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகள் நீங்களும் படித்திருப்பீர்கள். இவர்களிடம் பதிவு இருந்தது.

மாணவனின் அம்மா, 'பால் குடிக்கிற பாம்புதானே' என்று நிம்மதியாக இருந்தார். பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது, பால் எந்தப் பாம்புக்கும் உணவில்லை என்று சொன்னேன். ஆடி மாதம் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர். நம்பவில்லை என்று முகம் சொன்னது.

பேரன் பிளஸ் ஒன் படிக்கிறான். ஒருநாள் விட்டு ஒருநாள் எலி. "கொடுத்தா உடனே பிடிக்குது டீச்சர், அப்போ பசிதானே?"

நியாயமான கேள்வி. ஆனால் அடுத்த இரை எப்போது கிடைக்கும் என்று தெரியாத பிராணி, வாய்ப்பு வந்தால் பிடிக்கத்தான் செய்யும். அதை வைத்து அளவைத் தீர்மானிக்கக் கூடாது. எடையையும் உடம்பின் பருமனையும் பார்க்க வேண்டும்.

சமையலறைத் தராசு வந்தது. டப்பாவில் வைத்து நிறுத்தோம். குட்டி 80 கிராம். இந்த வயதில் ஒரு வேளை இரை உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 8 முதல் 12 கிராம். பாம்பின் மிகப் பருத்த இடம் எவ்வளவோ, இரையும் ஏறக்குறைய அவ்வளவு பருமன் போதும். வாரம் ஒருமுறை போதும். அரைக் கிலோ தாண்டினால் 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. முழுதாக வளர்ந்தபின் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று. அப்போது சதவீதமும் குறையும். பையன் கொடுத்துவந்த எலி 20 கிராம்!

இன்னொன்றும் கவனித்தேன். அறையில் இரவெல்லாம் ஏசி. பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். பெட்டியின் ஒரு பக்கமாவது 31, 32 டிகிரி இல்லையென்றால் விழுங்கியது செரிக்காது, உள்ளேயே கெட்டுப்போகும். போதாததற்குத் தின்ற கையோடு தூக்கி நண்பர்களுக்குக் காட்டியிருக்கிறான். தின்றபின் இரண்டு நாள் தொடக்கூடாது.

"இரண்டு வாரம் தண்ணீர் மட்டும். அப்புறம் பாதி அளவு இரை. மறுபடி கக்கினால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்" என்றேன்.

பாட்டிக்குத் தாங்கவில்லை. "பச்சக்குழந்தையை ரெண்டு வாரம் பட்டினி போடுறதா டீச்சர்?"

"குழந்தைதான் அம்மா. ஆனா நம்ம வீட்டுக் குழந்தை மாதிரி மூணு வேளைக் குழந்தை இல்லை. தோல் உரிக்கும் முன் கண் மங்கும்போது தானாகவே சாப்பிடாது. பெரிதானபின் மாதக்கணக்கில் மறுக்கும். எடை இறங்காதவரை பயப்பட வேண்டாம்" என்றேன்.

பதினைந்தாம் நாள் 5 கிராம் எலிக்குஞ்சு. தங்கியது. அடுத்த வாரமும் தங்கியது. நேற்று 83 கிராம் என்று போட்டோ அனுப்பினான். ஏசி இப்போது ஹாலில் ஓடுகிறதாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது முறையாகப் பதிவு செய்து வளர்த்தால், ஒரு தராசும் நாற்பது பக்க நோட்டும் வாங்கிக் கொடுங்கள். தேதி, பாம்பின் எடை, இரையின் எடை, கக்கியதா இல்லையா என்று நான்கு கட்டம் போதும். ஊட்ட வேண்டும் என்று கை பரபரக்கும்போது நோட்டைத் திறந்து பார்க்கட்டும்.