"உன் மூஞ்சிக்குப் பின்னாடி என்ன பூவு?" - ஊட்டி பூங்காவில் ஒரு போட்டோ பாடம்!

ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா. கோடை விடுமுறையில் ஒரு காலை நேரம். ஸ்வெட்டர், மஃப்ளர் சகிதமாக நுழைவாயில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார் விருதுநகரிலிருந்து வந்த பாட்டி ஒருவர். "மூட்டு வலியோட என்னால ஏற முடியாது. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

அவர் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. தொட்டபெட்டா மலைச்சரிவில், சுமார் 55 ஏக்கரில் அடுக்கடுக்காக ஏறிச் செல்கிறது இந்தப் பூங்கா. முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் மேடு ஏறித்தான் ஆக வேண்டும்.

"எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்புறேன் அம்மாச்சி" என்று சொல்லிவிட்டு ஓடினாள் கல்லூரியில் படிக்கும் பேத்தி. அரை மணி நேரத்தில் பாட்டியின் வாட்ஸ்அப்பில் 20 படங்கள். எல்லாமே செல்ஃபி!

உடனே போன் போட்டார் பாட்டி. "உன் மூஞ்சியத்தான் தெனமும் பாக்குறேன்ல... அதுக்குப் பின்னாடி இருக்குறது என்ன பூவு?"

பேத்தியிடம் பதில் இல்லை. திரும்பிப் பார்த்தபோதுதான் அது என்ன பூ என்று அவளும் கவனித்தாள்.

இரண்டாவது ரவுண்டு

இந்த முறை பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தாள். ஆரம்பத்தில் இங்கே இருந்த ஐரோப்பியர்களுக்குக் காய்கறி விளைவித்த இடம் இது. 1848-ல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்பவர் இதைப் பூங்காவாக வடிவமைக்கத் தொடங்கினார்.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மரம். உடம்பெல்லாம் கூரான இலைகள். குரங்குகூட ஏறத் திணறும் என்பதால் 'மங்கி பஸில்' என்று பெயர். 'கிளிக்'. அடுத்து, சுமார் 2 கோடி ஆண்டுகள் பழைமையான, கல்லாகவே மாறிப்போன மரத்துண்டு. 'கிளிக்'. கண்ணாடி மாளிகைச் செடிகள், இலையில் நின்ற பனித்துளி... எல்லாமே போனுக்குள் வந்தன.

பூவை மேலிருந்து எடுக்காமல், குனிந்து பூவின் உயரத்துக்கு போனை இறக்கினாள். பனியில் மங்கிய லென்ஸை துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். வானம் மூடியிருந்ததும் நல்லதாகப் போயிற்று. உச்சிவெயில் நிழல் விழாததால் பூவின் நிறம் அப்படியே கிடைத்தது.

பூங்காவின் மேல் எல்லையில் தோடர் பழங்குடியினரின் மந்து இருக்கிறது. பாதி பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற குடிசை, குனிந்து நுழையும் அளவுக்குச் சின்ன வாசல். அது காட்சிப்பொருள் அல்ல, மக்கள் வாழும் இடம். அங்கிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டு, அவர் தலையாட்டிய பிறகே போனை எடுத்தாள்.

பாத்தியில் ஒரு ஷூ தடம்

இறங்கி வரும் வழியில் ஒரு பூப்பாத்தியின் நடுவே ஷூ தடம். யாரோ செல்ஃபிக்காக உள்ளே இறங்கியிருக்கிறார்கள். ஒடிந்த செடிகளைப் பிடுங்கிவிட்டு, கையால் மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருந்தார் தோட்டப் பணியாளர் ஒருவர். மே மாத மலர்க்கண்காட்சிக்காக மாதக்கணக்கில் வளர்த்த செடிகள் அவை.

"ஒருத்தர் இறங்கி எடுத்த போட்டோவைப் பார்த்தா, அடுத்து வர்றவங்களும் அதே இடத்துல இறங்குறாங்கம்மா" என்றார் அவர்.

பேத்தி போனைத் திறந்தாள். காலையில் எடுத்த 20 படங்களில் ஒன்றில், அவளும் பாத்தி ஓரத்துக் கல்லைத் தாண்டித்தான் நின்றிருந்தாள். நல்லவேளை, அதை இன்னும் ஸ்டேட்டஸில் வைக்கவில்லை. அழித்துவிட்டாள்.

பெஞ்சுக்கு வந்தபோது பாட்டி நிமிரவே இல்லை. ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் பெரிதாக்கி, இலை இலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கல் மரத்தின் படத்தை ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பிவிட்டு, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டார்.

"2 கோடி வருசத்து மரமாம்டி... கீழ உக்காந்துக்கிட்டே பாத்துட்டேன்!"