வட்டமும் பெருக்கலும்

மலேசியாவின் ஜாசின் வட்டாரத்து அரசாங்க கிளினிக் ஒன்றில் மருத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். தோட்டத்துப் பெரியவர்களுக்கு நான் இன்னும் ‘டிரசர்’தான். நாள்பட்ட ஒற்றைத் தலைவலியோடு வருகிறவரிடம் முதலில் ஆபத்துக் குறிகளைப் பார்ப்பேன். இடி விழுந்ததுபோல் திடீர் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டர் உடனே பார்க்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் அடுத்த கேள்வி: “மாசத்துல எத்தன நாள் மாத்திரை போடுறீங்க, அக்கா?”

“வலி வந்தா போடுவேன், ஐயா.” பெரும்பாலும் இதுதான் பதில். பெனடால் மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. கைப்பையில் ஓர் அட்டை, சாமி மேடையில் ஓர் அட்டை. கணக்கு எப்படி நிற்கும்? அதனால் வீட்டுக் காலண்டரில் குறிக்கச் சொல்கிறேன். தலைவலி நாளுக்கு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்குப் பெருக்கல் குறி.

மூன்று மாதத்துக்கு மேலாகப் பெருக்கல் குறிகள் மாதம் 15 நாளை எட்டினால், வலியை வளர்ப்பதே பெனடால்தானோ என்று சந்தேகிக்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள சுமட்ரிப்டான் வகை மாத்திரைக்கு எல்லை 10 நாள்தான்.

என் வேலையில் கடினமான இடம் இதுதான். மாத்திரை கேட்டு வந்தவரிடம் மாத்திரையைக் குறைக்கச் சொல்கிறோம். குறைத்ததும் முதல் ஒன்றிரண்டு வாரம் வலி ஏறும். முன்பே சொல்லி வைக்காவிட்டால் மறுபடி கடைக்குப் போய்விடுவார். கணவரையோ மாமியாரையோ கூப்பிட்டும் பேசுவேன். வலியில் விளக்கை அணைத்துப் படுத்திருப்பதைச் சோம்பல் என்று நினைக்கிற வீட்டில் எந்த மருந்தும் நிலைக்காது.

வலி எந்த நாட்களில் வருகிறது என்பதையும் காலண்டர் காட்டும். பால்மரம் வெட்டிய தலைமுறை விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறிய பிறகுதான் பசியாறியது. அவர்களுடைய பெண்கள் பத்து பெரண்டாம் பகுதித் தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறி மாறி உறங்குகிறார்கள். ஷிப்ட் மாறும் வாரம், விரத நாள், மாதவிடாய் நெருங்கும் நாள் என்று வட்டங்கள் குவிந்து கிடக்கும். நேரத்துக்குச் சாப்பாடும் தூக்கமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிறகு டாக்டர் தடுப்பு மருந்து எழுதுவார். புரொப்ரனலால் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. டோப்பிரமேட் கருவுக்கு ஆபத்து. அமிட்ரிப்டிலின் தூக்கம் வரவைக்கும். தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் 12 வாரத்துக்கு ஒருமுறை போடும் போட்டோக்ஸும், 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரெனுமாப் ஊசியும் சிறப்பு மருத்துவரிடம் உண்டு. தோட்டக் குடும்பத்துக்கு அந்த விலை எட்டாது.

தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு மூன்று மாதம் வேண்டும். வலி நாள் பாதியானாலே வெற்றி. ஆனால் பதினாறு வட்டம் எட்டான பிறகும் “இன்னும் வருதே” என்று மருந்தை விட்டுவிடுவார்கள். அப்போது பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து அவரையே எண்ணச் சொல்வேன். எண்ணி முடித்தவர் பெரும்பாலும் அடுத்த மாத மருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்.